ஹொக்காய்டோவில் ஆறு நாள், லியு லியன்ரென்னின் பதின்மூன்று குளிர்காலம்

பிப்ரவரி 6, 2025, வியாழன். சப்போரோ

குடிநுழைவு அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், கடப்பிதழைப் பார்த்தார், 90 நாள் தங்கலாம் என்று ஒரு சின்னத் தாளை ஒட்டிக் கொடுத்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது திங்கட்கிழமை தெரியும்.

விமான நிலையத்துக்கு வெளியே முதல் மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து முள்ளாகக் குத்தியது. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அறுபது வயதில் முதல் பனி. அழைத்துப் போக வந்த தங்கை மகன் (இங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு) என் காலைப் பார்த்ததுமே, "மாமா, இந்த சப்பாத்தோடவா வந்தீங்க?" என்றான். நல்ல சப்பாத்துதான், காலையில் பூங்காவில் நடப்பது இதில்தான். சப்போரோவில் ரயிலை விட்டு இறங்கி இருநூறு அடி போவதற்குள் சாலை ஓரத்தில் மல்லாந்து விழுந்தேன். எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி நின்றார். சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. நான் எழுந்ததும் எனக்கு முன்னால் போய், பாதத்தை முழுதாகப் பதித்து, குட்டிக் குட்டி எட்டாக வைத்துப் பத்தடி நடந்து காட்டினார். பென்குயின் நடை என்று மருமகன் சொன்னான். ஊரே அப்படித்தான் நடக்கிறது. நான் சரியாக நடக்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, இந்த ஹொக்காய்டோ தீவின் கிழக்குப் பக்கம் ஒபிஹிரோவில் 12 மணி நேரத்தில் 129 சென்டிமீட்டர் பனி கொட்டியிருக்கிறது. ஜப்பானில் பதிவானதிலேயே அதுதான் அதிகமாம். "பயப்படாதீங்க, நாம போறது வேற பக்கம்" என்றான். நாங்கள் போகிற பக்கம் வழக்கமாகவே இதைவிட அதிகப் பனி விழும் பக்கம் என்பதைப் பிறகுதான் சொன்னான்.

ராத்திரி சூப் கறி. இந்த ஊர்ச் சொந்தச் சாப்பாடு. நம் ரசத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கி முழுக் கோழிக்காலைப் போட்டு, பொரித்த பூசணி, வெண்டைக்காய், தாமரைத்தண்டு எல்லாம் மிதக்கவிட்டால் எப்படியோ அப்படி. காரத்துக்கு எண் சொல்ல வேண்டும். ஐந்து சொன்னேன். பரிமாறிய பெண் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, கூடவே ஒரு கூஜா தண்ணீரையும் வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் தேவைப்படவில்லை. 1,600 யென், நம் காசுக்கு 46 வெள்ளி சொச்சம்.

எதற்காக இந்தப் பயணம் என்று கேட்பவர்களுக்கு: என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் மாலையில் தேநீர்க் கடைக்கு வருவார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் எங்கள் சின்னத் தாத்தாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன கதையை ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்துவிட்டு, "எங்கள் ஆள் ஒருவர் கதை தெரியுமா?" என்றார். அப்படித்தான் லியு லியன்ரென் என்ற பெயர் என் காதில் விழுந்தது. போரின்போது இங்கே சுரங்க வேலைக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பி ஓடி, போர் முடிந்தது தெரியாமல் பதின்மூன்று குளிர்காலம் இந்த மலைகளில் ஒளிந்திருந்தவர்.

பிப்ரவரி 7, வெள்ளி. நுமாட்டா

ஃபுகாகவாவில் மாறி ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. நடத்துநர் கிடையாது. ஏறும்போது எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது அந்த எண்ணுக்குரிய சில்லறையைப் பெட்டியில் போட வேண்டும். நான் சில்லறை மாற்றும் துவாரத்தில் சீட்டைத் திணித்துவிட்டேன். இயந்திரம் கத்தியது. ஓட்டுநர் எழுந்து வந்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை எடுத்தார். தப்பு செய்தவன் நான், குனிந்து மன்னிப்புக் கேட்பவர் அவர். பின்னால் இருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பாதை ருமோய் கடற்கரை வரை போனது. நுமாட்டாவுக்கு அப்பால் உள்ளதை 2023இல் மூடினார்கள். மிச்சமிருக்கும் இந்தத் துண்டும் 2026 மார்ச்சோடு முடிகிறது. ஆள் இல்லை. நிலக்கரி இருந்த காலத்தில் ஆள் இருந்தார்கள்.

அந்த நிலக்கரிதான் விஷயம். நுமாட்டாவின் உள்மலையில் ஷோவா சுரங்கம் இருந்தது. லியு லியன்ரென் 1913இல் பிறந்தவர், ஷாண்டோங் மாநிலத்துக் காவோமி பக்கம் ஒரு கிராமத்து விவசாயி. 1944 செப்டம்பரில், 31 வயதில், ஊரில் வைத்தே ஆயுதக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவி அப்போது கர்ப்பிணி. சிங்டாவ் துறைமுகத்தில் கப்பலேற்றி, இந்தச் சுரங்கத்தில் கொண்டுவந்து விட்டார்கள். இப்படிச் சீனாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 38,935 பேர், வேலை வாங்கிய இடங்கள் 135, செத்தவர்கள் 6,830. போர் முடிந்த மறு ஆண்டு ஜப்பானிய வெளியுறவு அமைச்சே தயாரித்த அறிக்கையின் கணக்கு இது. அவர்களில் பிடிபட்ட சிப்பாய்களும் உண்டு, இவரைப் போல ஏர் பிடித்தவர்களும் உண்டு. இரண்டு வகையையும் ஒரே வேலிக்குள் அடைத்து, காகிதத்தில் மட்டும் "ஒப்பந்தத் தொழிலாளர்" என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்திலும் அதே பல்லவிதான்: மூன்று மாத வேலை, நாள் கூலி ஒரு வெள்ளி. சின்னத் தாத்தாவின் மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

சுரங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று டாக்சி பிடித்தோம். ஓட்டுநர் இரண்டு முன்கைகளையும் குறுக்கே வைத்து எக்ஸ் போட்டார். மலைப்பாதை குளிர்காலம் முழுக்க மூடல், பனி உருகினால்தான் திறப்பார்களாம். கோலாலம்பூரிலிருந்து வருகிறவன் இதைக்கூடவா விசாரிக்காமல் வருவான் என்று மருமகன் என்னைப் பார்த்தான், அவனும்தான் விசாரிக்கவில்லை. சரி, போகிறவரை போகலாம் என்று கேட்டோம். ஹொரோஷின் பள்ளத்தாக்கு வரை போனார். அதற்கு மேல் சாலை என்று ஒன்று இல்லை. என் உயரத்துக்கு மேல் ஒரு வெள்ளைச் சுவர், சுவருக்குப் பின்னால் மரங்கள், அவ்வளவுதான். 1969இல் சுரங்கம் மூடியபின் அங்கிருந்த ஊரும் கலைந்து காடாகிவிட்டது. மீட்டர் 4,200 யென் காட்டியது.

1945 ஜூலை 30 ராத்திரி, கழிப்பறையின் மலக்குழி வழியாக ஊர்ந்து வெளியேறி ஓடினார் லியு. முன்பின்னாக ஓடிவந்த இன்னும் நால்வர் மலையில் சேர்ந்துகொண்டார்கள். ஜப்பான் சரணடைந்தது ஆகஸ்ட் 15. பதினாறே நாள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று இந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னேன். மருமகன் மொழிபெயர்க்க, ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கூட ஓடியவர்கள் எல்லோரும் பிடிபட்டுப் போனார்கள். பிடிபட்டவர்கள் பிழைத்தார்கள், போர்தான் முடிந்துவிட்டதே! மலையில் இருந்தவருக்கு அதை யார் போய்ச் சொல்வது? கூட்டாளிகளைக் கொன்றிருப்பார்கள் என்றே நினைத்து இன்னும் உள்ளே போனார்.

மதியம் ஊருக்குள் சாப்பாடு. பொரித்த மீன், முள்ளங்கி ஊறுகாய், ஒரு கிண்ணம் சோறு, 980 யென். அந்தச் சோறு! பளபளவென்று, தனித்தனியாக, மெல்ல மெல்ல இனித்தது. இங்கே அரிசியைப் பனியை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். குளிர்காலத்துப் பனியை ஒரு பெரிய கொட்டகையில் குவித்து வைத்து, கோடையில் அந்தக் குளிர்காற்றை நெல் கிடங்குக்குள் விட்டு, ஐந்து டிகிரி அளவில் வைத்திருப்பார்களாம். 1996இலிருந்து நடக்கிறது. "செட்சூமாய்" என்று பெயர், பனிக்குள் இருந்த அரிசி. அறுவடைக்கு முந்தைய மாதம்கூடப் புது அரிசி மாதிரியே இருக்குமாம். இரண்டாவது கிண்ணம் கேட்டேன், அதற்குக் காசு வாங்கவில்லை.

தங்கல் பள்ளத்தாக்கிலேயே ஒரு சின்ன விடுதியில். பொதுக் குளியலில் எல்லோரும் பிறந்த மேனி. என் மானத்துக்காகச் சின்னத் துண்டோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டேன். எதிரே கழுத்தளவு தண்ணீரில் இருந்த பெரியவர் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். பார்த்தால், அவர் துண்டு மடிப்பாக அவர் தலைமேல் இருக்கிறது. துண்டைத் தண்ணீரில் நனைப்பது இங்கே பெரிய பிசகு. நானும் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 8, சனி. அதே இடம்

இன்று ருமோய் போயிருக்க வேண்டும். விடிகாலையிலிருந்து ஊசிக்காற்றும் பனியும். ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பஸ் இல்லை. விடுதி அம்மா, "நேற்றைய அதே விலைதான், இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய் இஷிகாரி நாபே வைத்தார். சால்மன் துண்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், மிசோ. பசியாறலுக்கே மீன் குழம்பு கிடைத்தால் நான் வேறென்ன கேட்பேன்.

குளியலில் துண்டு காட்டிய பெரியவர்தான் விடுதி அம்மாவின் அப்பா. ஷோவா சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவராம். அவருடைய அப்பா தரைக்குக் கீழே வேலை பார்த்தவர், சீனர்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். "பேசாததால் தெரியாது என்று அர்த்தமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிளகாய்ப்பொடியை என் பக்கம் நகர்த்தினார்.

நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. உள்நாட்டில் இருபது டிகிரி உறைநிலைக்குக் கீழே போகிற ஊரில், கூரையில்லாமல் ஒருவன் எப்படிப் பதின்மூன்று குளிர்காலம் உயிரோடு இருப்பான்?

பதில் சொல்லவில்லை. பதினொரு மணிவாக்கில் காற்று கொஞ்சம் அடங்கியதும், மண்வாரியை எடுத்துக்கொண்டு "வா" என்று கையசைத்தார். எனக்குக் கால்சோடி ஸ்பைக்கும் இரவல் கிடைத்தது. சப்பாத்துக்கு மேலே மாட்டும் ரப்பர் பட்டை, அடியில் இரும்புப் பற்கள். விடுதிக்குப் பின்னால் சரிவில் குவிந்திருந்த பனியில் அவரும் மருமகனுமாகக் குடைய ஆரம்பித்தார்கள். வாசல் தாழ, உள்ளே மேடு. சூடான காற்று மேலே நிற்கும், அதனால் உட்காரும் இடம் வாசலைவிட உயரமாக இருக்க வேண்டுமாம். தரையில் சாசா என்கிற குட்டை மூங்கில் இலைகளைப் பரப்பினார். ஒரு மணி நேர வேலை. அவருக்கு எழுபது தாண்டியிருக்கும், எனக்குப் பார்த்ததிலேயே மூச்சு வாங்கியது.

வெளியே மைனஸ் பதின்மூன்று. நானும் மருமகனும் உள்ளே நுழைந்து, வாசலைப் பனிக்கட்டியால் அரைகுறையாக அடைத்துக்கொண்டோம். கால்மணி நேரத்தில் அவனுடைய வெப்பமானியில் மைனஸ் இரண்டு, அப்புறம் மைனஸ் ஒன்று. அதற்கு மேல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. பனிக்குள் அடைபட்டிருக்கும் காற்று கம்பளி மாதிரி. வெளிக்குளிர் உள்ளே வராது, உடம்புச் சூடு வெளியே போகாது. இந்தப் பக்கமெல்லாம் கனத்த பனிக்குக் கீழே மண்ணே உறைவதில்லையாம். முட்டைக்கோஸை அறுத்து வயலிலேயே போட்டுவிட்டு, பனி மூடியபிறகு ஜனவரியில் தோண்டி எடுத்து விற்பார்களாம், இனிப்பு கூடியிருக்குமாம். நேற்று அரிசிக்குச் சொன்னதும் இதே கணக்குதான்.

ஆக, சாகாமல் இருக்கலாம். அதுவரை புரிந்தது.

நான் உள்ளே இருந்தது நாற்பது நிமிடம். காலை நீட்ட இடமில்லை. இருபதாவது நிமிடத்தில் முட்டி வலித்தது, முப்பதில் மரத்தது. சத்தம் என்று ஒன்று இல்லை. காதுக்குள் என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. மருமகன் கைப்பேசியை எடுத்தான், நான் வேண்டாம் என்றேன், பிறகு நானே "மணி என்ன?" என்று கேட்டேன். லியு இப்படி ஒடுங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்திருக்கிறார். கோடையில் சேர்த்து வைத்த உருளைக்கிழங்கு, கடற்கரையில் பொறுக்கிய கொம்பு என்கிற கடற்பாசி, காயப்போட்ட மீன், காட்டுப் பூண்டு. பனி உருகி வெளியே வந்தால் கால் நிற்காதாம், ஒவ்வொரு வசந்தத்திலும் குழந்தை மாதிரி நடக்கப் பழக வேண்டியிருந்ததாம். படித்தபோது இதைக் கொஞ்சம் மிகை என்று நினைத்தேன். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு வெளியே வர மருமகன் என் இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"சரி, நடுவில் வெயில் அடிக்கிற நாளில் வெளியே வந்து காலை உதறிக்கொள்ளலாமே?" என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் நாங்கள் வந்த வழியைக் காட்டினார். விடுதியிலிருந்து பள்ளம் வரை மூன்று பேர் நடந்த தடம், கோடு போட்டது போல.

பிறகு முயல் கதை சொன்னார். மலைமுயல் படுக்கைக்குப் போகும்போது நேரே போகாதாம். கொஞ்ச தூரம் போய், வந்த தடத்திலேயே அடி பிசகாமல் பின்னால் நடந்து, சட்டென்று பக்கவாட்டில் ஒரு பெரிய தாவல் தாவி ஒளிந்துகொள்ளும். தடத்தைப் பிடித்து வருகிறவனுக்கு நடுவெளியில் தடம் அறுந்து நிற்கும். தொமேஆஷி என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். கரடியும் செய்யுமாம். "மனிதனால் அவ்வளவு தூரம் தாவ முடியாது. அதனால் நடக்காமல் இருக்க வேண்டும்" என்றார்.

குளிர் அவரைக் கொல்லவில்லை, பனி அவரைக் காத்தது, அதே பனிதான் ஆண்டுக்கு ஐந்தாறு மாதம் அவரைக் குழிக்குள் வைத்துப் பூட்டியது. பகலில் தீ மூட்டினால் புகை. நடந்தால் தடம். அவர் பயந்தது மனிதர்களுக்கு. அதாவது, எனக்குப் பென்குயின் நடை காட்டிய பாட்டிக்கும், தலையில் துண்டு வைத்திருந்த இந்தக் கிழவருக்கும். இதை அவரிடம் சொல்லச் சொன்னேன். மருமகன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

பிப்ரவரி 9, ஞாயிறு. ருமோய்

காற்று. காற்றைத் தவிர இந்த ஊரைப் பற்றி முதலில் எழுத எதுவுமில்லை. கடலிலிருந்து நேரே வந்து அறைகிறது, குடை வைத்திருக்கும் ஒருவரையும் பார்க்கவில்லை. ஹெர்ரிங் மீன் முட்டைக்குப் பேர்போன ஊர். மஞ்சள் கட்டியாக, கடித்தால் நறநறவென்று இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. மருமகன் என் பங்கையும் சாப்பிட்டான். கன்வீனியன்ஸ் கடையில் கடைக்குள்ளேயே சமைத்த சூடான கட்சுடோன் (பொரித்த பன்றி இறைச்சி வைத்த சோறு) வாங்கி, ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்துச் சாப்பிட்டேன். அறுநூறு யென்னுக்குள். இந்தப் பயணத்தில் மூன்றாவது சிறந்த சாப்பாடு.

லியுவும் கூட்டாளிகளும் கடலைத் தேடி வந்தார்கள். வீடு அந்தப் பக்கம்தானே. மேற்கே சூரியன் இறங்குகிற இடத்தில் சீனா இருக்கிறது என்பதில் தவறில்லை, நடுவில் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. இது ஒரு தீவு என்பதே தெரியாது. கரும்பச்சையாகக் கொதித்துக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் திரும்பி மலையேறத்தான் தோன்றும்.

போர் முடிந்த செய்தி அவருக்கு எட்டவில்லை என்று வருத்தப்படுகிறோம். எட்டியிருந்தால் மட்டும்? 1945 ஆகஸ்ட் 22 அன்று, அதாவது சரணடைந்து ஒரு வாரம் கழித்து, வடக்கே சகாலின் தீவிலிருந்து அகதிகளை ஏற்றி வந்த மூன்று கப்பல்கள் இதே ருமோய்க் கடலில் தாக்கப்பட்டன. இரண்டு மூழ்கின. ஏறத்தாழ 1,700 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கரையில் இருந்தவர்களுக்கே அன்று போர் முடிந்ததா என்று சந்தேகம் வந்திருக்கும்.

கையுறையில் ஒன்றைக் காற்று கொண்டுபோய்விட்டது. மற்றது இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள். டோபெட்சு

நுமாட்டாவிலிருந்து டோபெட்சு நேர்கோட்டில் அறுபது, எழுபது கிலோமீட்டர்தான். ஈப்போவிலிருந்து தைப்பிங் போகிற தூரம். ரயில் நிலையம் ஒன்றுக்குச் சாக்லேட் கம்பெனியின் பெயர், ராய்ஸ் டவுன், 2022இல் திறந்தது. பக்கத்தில் ஸ்வீடன் வீடுகள் மாதிரியே கட்டிய ஒரு குடியிருப்பும் உண்டு. சாக்லேட் தடவிய உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒரு பெட்டி வாங்கினேன், எண்ணூற்றுச் சொச்சம் யென். பக்கத்து மலையில் ஒருவர் பச்சை உருளைக்கிழங்கைக் கடித்துக்கொண்டு கிடந்த ஊரில் இதைத் தின்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தின்றேன். நன்றாக இருந்தது.

1958 பிப்ரவரி. முயல் வேட்டைக்குப் போன ஓர் உள்ளூர்க்காரர் சரிவில் ஒரு குழியைப் பார்த்தார். உள்ளே ஆள். ஊருக்குள் போய்ச் சொல்லி, தேடிப்போய்ப் பிடித்தார்கள். தோலும் எலும்பும், உறைபனி கடித்த கைகால், தாய்மொழியே சரியாக வரவில்லை. வயது 44. பேசினால் யாராவது கேட்பார்கள் என்று பயந்து பயந்து, பேச ஆளும் இல்லாமல், பன்னிரண்டரை ஆண்டு.

இப்போது குடிநுழைவு விஷயத்துக்கு வருகிறேன். அந்த மனிதரிடம் அதிகாரிகள் கேட்டது, நீ எப்போது, எந்த வழியாக ஜப்பானுக்குள் நுழைந்தாய் என்று! சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர், உளவாளியாகவும் இருக்கலாம் என்று சந்தேகம். யார் அழைத்து வந்தது என்று அவரிடம் கேட்டார்கள். பதில் தெரிந்தவர் டோக்கியோவில் இருந்தார். சீனர்களைக் கொண்டுவந்து வேலை வாங்குவது என்று அமைச்சரவை முடிவெடுத்தது 1942 நவம்பரில். அப்போது வணிக, தொழில் அமைச்சர் கிஷி நொபுசுகே. 1958இல் பிரதமரும் அதே கிஷி நொபுசுகே. வெளியுறவு அமைச்சின் அறிக்கையைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று கையில் இல்லை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. 1993இல் டோக்கியோ சீனர் சங்கத்தில் பத்திரமாக இருந்த பிரதி வெளியே வந்தது.

ஒரு லட்சம் யென் நீட்டினார்கள். லியு வாங்கவில்லை. ஏப்ரலில் கப்பலேறி ஊருக்குப் போனார். மனைவி காத்திருந்தார். அவர் போனபின் பிறந்த மகனுக்கு அந்த அம்மா வைத்திருந்த பெயர் "ஷுன்அர்". தேடுகிற பிள்ளை என்று பொருள் சொல்லலாம். என் பாட்டி சின்னத் தாத்தாவுக்குத் திதி கொடுக்க விடவே மாட்டார். நாள் தெரியாதே என்று நாங்கள் சொன்ன காரணம் வேறு, அவர் மனதில் இருந்தது வேறு. கடைசிவரை அவர் தம்பி வருவார் என்றே வாசல் விளக்கை அணைக்கவில்லை. இந்தப் பெயரின் பொருளை ஆசிரியர் சொன்ன அன்று தேநீர்க் கடையில் நான் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

1996இல், 82 வயதில், லியு ஜப்பானிய அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார். 2000 செப்டம்பரில் இறந்தார். 2001 ஜூலையில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், போர் முடிந்தபின் அவரைத் தேடிக் காப்பாற்ற வேண்டிய கடமையை அரசாங்கம் செய்யவில்லை என்று சொல்லி, கேட்ட 2 கோடி யென்னையும் கொடுக்க உத்தரவிட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2007இல் உச்ச நீதிமன்றத்திலும் முடிந்தது. சட்டக் காரணங்களை மருமகன் பொறுமையாக விளக்கினான். கேட்டுக்கொண்டேன். கோபம் குறையவில்லை.

அவர் உயிரோடு மீண்டதற்கு டோபெட்சுக்காரர்கள் 2002இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அரசாங்கம் கட்டியதல்ல, ஊர்க்காரர்களும் நண்பர்களும் பணம் சேர்த்துச் செய்தது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம். டாக்சி ஓட்டுநருக்கு இடம் தெரிந்தது. சாலையோரம் நிறுத்திக் கையைக் காட்டினார். வெள்ளை வெளி. மேடு மேடாகப் பனி. எந்த மேட்டுக்குள் கல் இருக்கிறது என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. "மே மாதம் வாருங்கள்" என்றார். சாலையிலிருந்து நான் பத்தடி உள்ளே போனேன், இடுப்பு வரை இறங்கிவிட்டது. அதற்கு மேல் முடியவில்லை. கையில் கொண்டுவந்திருந்த ஒரு பொட்டலம் முறுக்கை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

காருக்கு வந்து பார்த்தால், காத்திருந்த நேரத்துக்கு மீட்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன், அது என் நேரம்" என்றார். சிகரெட் வாசனையே இல்லை.

என் பள்ளம் பள்ளமான தடம் பத்தடி போய், அங்கேயே திரும்பி வந்திருந்தது. பார்த்தால் முயல் தடம் மாதிரிதான் இருந்தது, தாவலைத் தவிர.

பிப்ரவரி 11, செவ்வாய். சப்போரோ

பனித் திருவிழாவின் கடைசி நாள், கூட்டமான கூட்டம். பனியில் செய்த மாளிகைகளை மருமகன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு முட்டி வலி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

விமானத்துக்கு முன் ஒரு வேலை பாக்கி. விடுதி அம்மா இரவல் தந்த ஸ்பைக் இன்னும் என் சப்பாத்திலேயே இருந்தது. "தபாலில் அனுப்பினால் போதும்" என்று சொல்லியிருந்தார். இன்று இங்கே பொது விடுமுறை, தபால் நிலையம் மூடல். கன்வீனியன்ஸ் கடையிலேயே கூரியர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் யென்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பைக்கைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் அந்த முறுக்குப் பொட்டலத்தையும் வைத்தேன். பெரியவருக்குப் பல் இருக்கிறதா என்று நான் கவனிக்கவில்லை.

கடைப் பையன் சீட்டை நிரப்பிக்கொண்டே ஏதோ கேட்டான்.

"உள்ள உடையிற சாமான் இருக்கான்னு கேக்குறான் மாமா."

"இருக்குன்னு சொல்லு."

சிவப்பு ஒட்டியை எடுத்து, பெட்டியின் நாலு பக்கமும் ஒட்டினான்.